சிக்கெடுப்பவர்கள்

மகளிர் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிஎன்ஏ பாடம் தொடங்கும் நாளில் யாராவது ஒரு மாணவி எழுந்து ரோசலிண்ட் ஃப்ராங்க்ளினைப் பற்றிக் கேட்பாள். “அவங்க எடுத்த படத்த அவங்களுக்கே தெரியாமப் பார்த்துத்தானே மேம் மத்தவங்க நோபல் வாங்கினாங்க?” இந்தக் கேள்வி எப்படியோ எல்லா வகுப்புக்கும் வந்துசேர்ந்துவிடுகிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நான் படித்த காலத்தில் எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரே இல்லை.

கதை உண்மையானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃப்ராங்க்ளினின் மேற்பார்வையில் அவருடைய மாணவர் ரேமண்ட் கோஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் ‘படம் 51’ என்று பெயர்பெற்றது. 1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அதை ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். ஃப்ராங்க்ளினிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. வாட்சன், கிரிக் கட்டுரை முதலில்; ஃப்ராங்க்ளின், கோஸ்லிங் கட்டுரை மூன்றாவதாக. 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தபோது ஃப்ராங்க்ளின் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, டிஎன்ஏவின் வரலாற்றில் பெண்ணுக்கு வஞ்சிக்கப்பட்டவள் என்ற ஒரே இடம்தான் மிஞ்சுகிறது. இரண்டாவது, அந்த வரலாறு 1953இல் உருவம் தெரிந்ததோடு முடிந்துவிட்டது போலாகிறது. முறுக்கிய ஏணி போன்ற அந்த உருவம் ஒரு பெரிய சிக்கலைக் கையோடு கொண்டுவந்தது. அந்தச் சிக்கலை உடல் எப்படித் தீர்க்கிறது என்று கண்டுபிடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது. அந்த அறிவு மருந்தாக மாற மேலும் 20 ஆண்டுகள். அந்தப் பயணத்தில் பெண்கள் ஆய்வகத்திலும் இருந்தார்கள், நோயாளியின் படுக்கையிலும் இருந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக் குப்பிக்குள்ளும் இருந்தாள். நான் சொல்ல விரும்புவது அவர்களின் கதையை.

முறுக்கின் தொல்லை

நம் உடலின் ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டிவைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடைந்துகிடக்கும் உட்கருவின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 10 படிகளுக்கு ஒரு சுற்று. ஒரு செல்லுக்குக் கணக்கிட்டால் 60 கோடிச் சுற்றுகள்.

செல் இரண்டாகப் பிரியும் முன் இந்த இழைகளைப் பிரித்து நகலெடுக்க வேண்டும். இரண்டு புரியாக முறுக்கிய தேங்காய்நார்க் கயிற்றின் ஒரு முனையைக் கதவில் கட்டிவிட்டு, மறுமுனையில் இரு புரிகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிரியும். பிறகு முன்னால் உள்ள முறுக்கு இறுகி, கயிறு சுருண்டு முடிச்சாகும். அதற்கு மேல் இழுக்க முடியாது. பாக்டீரியாவில் நிலைமை இன்னும் மோசம். அதன் டிஎன்ஏவுக்கு முனையே கிடையாது. அது மூடிய வளையம். நகலெடுத்து முடித்ததும் இரண்டு வளையங்களும் கோத்த வளையல்களைப் போல மாட்டிக்கொண்டு நிற்கும். கோத்த வளையல்களில் ஒன்றை உடைக்காமல் எப்படிப் பிரிப்பது?

வாட்சனும் கிரிக்கும் இந்தப் பிரச்சினையை 1953லேயே உணர்ந்திருந்தார்கள், தீர்வு சொல்லவில்லை. 1954இல் மாக்ஸ் டெல்புரூக், இழைகள் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொண்டால்தான் இது சாத்தியம் என்று எழுதினார். எது அறுக்கும், எது ஒட்டும் என்பது தெரியவில்லை. பெர்க்லியில் ஜேம்ஸ் வாங் 1971இல் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து, முறுக்கைத் தளர்த்தும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் ஷாம்பூவும் ரெனாட்டோ டுல்பெக்கோவும் எலியின் செல்லில் அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைக் கண்டார்கள். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டின் குழு ‘கைரேஸ்’ என்ற மற்றொன்றைக் கண்டறிந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக ‘டோப்போஐசோமரேஸ்’ என்ற வாய்க்குள் நுழையாத சொல் 1979இல் வந்தது. என் மாணவிகளிடம் நான் ‘சிக்கெடுக்கும் நொதி’ என்று சொல்லிவிடுவேன்.

இந்த நொதியின் வேலை நுட்பமானது. இதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் டிஎன்ஏவின் முதுகெலும்பைப் பற்றி இழையை அறுக்கிறது. அறுத்த முனையை அப்படியே விட்டுவிடுவதில்லை, தன்னோடு பிணைத்துப் பிடித்துக்கொள்கிறது. முறுக்கு தளர்ந்ததும் முனைகளை மறுபடி ஒட்டிவிட்டு விலகுகிறது. முதல் வகை நொதி ஓர் இழையை மட்டும் அறுக்கும். இரண்டாம் வகை இரண்டு இழைகளையும் அறுத்து, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டிஎன்ஏவையே நுழைத்து அப்பால் அனுப்பிவிட்டு, பிறகு மூடும். கோத்த வளையல்கள் பிரிவது இப்படித்தான். ஈ. கோலை தன் டிஎன்ஏவை நகலெடுக்கும் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 100 சுற்றுகள் அவிழ்ந்தாக வேண்டும்.

செய்யும்வரை யார் கண்ணிலும் படாத வேலை இது. செய்யாமல் விட்டால்தான் தெரியும். வீட்டு வேலை செய்து பழகிய எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பாட்டியின் கருவறைக்குள்

இந்த நொதிக் குடும்பத்தின் தூரத்து உறவு ஒன்று நம் ஒவ்வொருவரின் பிறப்பிலும் பங்கெடுத்திருக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த குரோமோசோம்கள், சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அதற்கு முதலில் டிஎன்ஏ அறுபட வேண்டும். அறுப்பது எது என்ற கேள்விக்கு 1997இல் விடை கிடைத்தது. ஹார்வர்டில் நான்சி கிளெக்னரின் ஆய்வகத்தில் ஸ்காட் கீனி ஈஸ்ட் செல்களில் நடத்திய ஆய்வு, ‘ஸ்போ11’ என்ற புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் பிரான்சில் வேறொரு குழு, பழமையான நுண்ணுயிர்களில் உள்ள சிக்கெடுக்கும் நொதி ஒன்றுக்கும் ஸ்போ11க்கும் உள்ள உறவைக் கண்டறிந்தது. சிக்கெடுக்கும் நொதியைப் போலவே இதுவும் டைரோசினால்தான் இழையைப் பற்றி அறுக்கிறது. ஒட்டும் வேலையை மட்டும் வேறு புரதங்களிடம் விட்டுவிடுகிறது.

பெண்ணுடலில் இது எப்போது நடக்கிறது என்பதுதான் என்னை வியக்கவைக்கும் செய்தி. ஆணின் உடலில் பருவமடைந்த பிறகு இது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும். பெண்ணுக்கோ அவள் பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. நான் உருவான சினைமுட்டையில் இந்த வெட்டும் பரிமாற்றமும் நிகழ்ந்தபோது, என் அம்மா என் பாட்டியின் கருவறையில் இருந்தார். “இந்தப் பொண்ணு யாரு வீட்டு ஜாடை?” என்று நம் வீடுகளில் கேட்கும்போது தந்தைவழியைத்தான் முதலில் தேடுவார்கள். உயிரியலில் அந்த ஜாடையின் ஒரு பாதி பாட்டி சுமந்த வயிற்றில் கலக்கப்பட்டது.

1920இல் பிறந்த இருவர்

ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் 1920 ஜூலை 25 அன்று லண்டனில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹென்ரியெட்டா லாக்ஸ் பிறந்தார். அவர் கறுப்பினப் பெண். அடிமைகளாக இருந்த முன்னோர் உழைத்த மண்ணில் புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர். ஐந்து குழந்தைகளின் தாய்.

1951இல் ஹென்ரியெட்டாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய வார்டில் சிகிச்சை நடந்தது. அப்போது அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. ஜார்ஜ் கையின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த மேரி குபிசெக் என்ற பெண்தான் அந்தத் துணுக்கை நறுக்கிக் குப்பிகளில் வளர்த்தார். அதுவரை எந்த மனித செல்லும் ஆய்வகத்தில் அப்படிப் பெருகியதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஹென்ரியெட்டா 31 வயதில் இறந்தார். அவருடைய செல்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் உலகெங்கும் போயின, விற்கப்பட்டன. 1970களில்தான் குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது. அந்தச் செல்களால் லாபம் பார்த்த நிறுவனம் ஒன்றின் மீது குடும்பம் தொடுத்த வழக்கு 2023இல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஃப்ராங்க்ளினுக்கு 1956இல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சைகளுக்கு இடையிலும் வைரஸ்களின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1958 ஏப்ரல் 16 அன்று 37 வயதில் இறந்தார்.

இருவரும் சந்தித்ததில்லை. ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்கவும் வழியில்லை. ஒருவர் டிஎன்ஏவின் உருவத்தைப் பார்த்தவர். இன்னொருவரின் செல்களில்தான் அந்த டிஎன்ஏவைத் துண்டாக்கும் மருந்தைப் பின்னாளில் சோதித்தார்கள். அந்த மருந்து இருவருடைய நோய்க்கும் மருந்தாயிற்று.

ஒட்டப்படாத வெட்டு

சீனாவில் ‘மகிழ்ச்சி மரம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட மரம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மன்ரோ வாலும் மும்பையில் படித்து அங்கே சென்ற மன்சுக் வாணியும் அந்த மரத்திலிருந்து பிரித்தெடுத்த ‘கேம்ப்டோதெசின்’ என்ற பொருளைப் பற்றி 1966இல் அறிவித்தார்கள். அது புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. எப்படிக் கொல்கிறது என்று தெரியாமலே மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். நீரில் கரையவேண்டும் என்பதற்காக அதன் மூலக்கூறில் உள்ள வளையம் ஒன்றை உடைத்து உப்பாக மாற்றியிருந்தார்கள். வளையம் உடைந்தால் மருந்தின் வீரியம் போய்விடும். ஆனால் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அந்த வளையம் மறுபடி மூடிக்கொண்டு, நோயாளிகளின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. 1970களின் தொடக்கத்தில் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இந்தப் பொருளைக் கையில் எடுத்தவர் சூசன் பேண்ட் ஹோர்விட்ஸ். 1937இல் பிறந்தவர். பிரின் மார் என்ற மகளிர் கல்லூரியில் படித்தவர். 1963இல் முனைவர் பட்டம் பெற்ற காலத்தில் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. முழுநேர வேலைக்குப் போக முடியாததால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே மருந்தியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க நேர்ந்தபோதுதான், செடிகளிலும் நுண்ணுயிர்களிலும் கிடைக்கும் மருந்துப் பொருட்களின் மீது ஆர்வம் பிறந்தது. நம் ஊரில் “குழந்தை பிறந்துட்டுது, இனி என்ன ஆராய்ச்சி?” என்று முனைவர் பட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஒரு பகுதிநேரப் பணியிடம் எவ்வளவு பெரிய கதவு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஹோர்விட்ஸ் தன் கணவர் மார்ஷலுடன் சேர்ந்து 1971இல் வெளியிட்ட ஆய்வு ஹீலா செல்களில் நடந்தது. கேம்ப்டோதெசின் பட்ட செல்களில் டிஎன்ஏ துண்டுதுண்டாகிக் கிடந்தது. தனியே எடுத்த டிஎன்ஏவோடு இந்த மருந்தைச் சேர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஆக, செல்லுக்குள் இருக்கும் வேறு ஏதோ ஒன்றுதான் அறுக்கிறது. இன்னொரு விசித்திரமும் இருந்தது. மருந்தைக் கழுவி நீக்கினால் அறுந்த டிஎன்ஏ மீண்டும் ஒட்டிக்கொண்டது. 1976இல் ஜான் லோய்க் என்பவருடன் சேர்ந்து எட்டோபோசைடு என்ற மருந்தையும் ஹீலா செல்களில் ஆராய்ந்தார். அதிலும் டிஎன்ஏ அறுந்திருந்தது.

அறுக்கும் கை யாருடையது என்பது 1980களின் நடுவில் தெரிந்தது. ஹென்ரியெட்டாவின் துணுக்கை எடுத்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், லீராய் லியூவின் குழு விடையைக் கண்டது. கேம்ப்டோதெசின் முதல் வகைச் சிக்கெடுக்கும் நொதியைத் தாக்குகிறது. எட்டோபோசைடு இரண்டாம் வகையை. நொதி இழையை அறுத்துப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் மருந்து வெட்டுவாயில் செருகிக்கொள்கிறது. நொதியால் ஒட்ட முடிவதில்லை. நகலெடுக்க ஓடிவரும் இயந்திரம் அந்த இடத்தில் மோதும்போது தற்காலிக வெட்டு நிரந்தர முறிவாகிறது. அடிக்கடி பிரியும் புற்றுநோய்ச் செல்லுக்கு இந்த மோதல்கள் அதிகம். அதனால் அது சாகிறது. மருந்தைக் கழுவினால் ஏன் ஒட்டிக்கொண்டது என்ற புதிருக்கும் விடை இதுதான். வெட்டிய நொதி முனையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நொதி தெரிந்ததும் கைவிட்ட மருந்து உயிர்பெற்றது. வளையத்தை உடைக்காமலே நீரில் கரையும்படி மாற்றிய டோப்போடெக்கான், 1996இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஃப்ராங்க்ளினைக் கொன்ற நோய் அது. 2006இல் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஹென்ரியெட்டாவைக் கொன்ற நோய். இந்த மருந்து இரு நோய்களையும் வேரறுத்துவிடவில்லை. முதல் சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வரும் நோயைச் சில காலம் தள்ளிப்போடுகிறது. இதே குடும்பத்து மூலக்கூறுகளை எதிர்ப்புரதத்தோடு இணைத்து, புற்றுநோய்ச் செல்லுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் மருந்துகள் 2019, 2020 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்தன. அவற்றின் விலை நம் நாட்டின் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது.

இந்தக் கதையில் நம் மலைகளுக்கும் இடமுண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர் மும்பைக்குச் சென்ற வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறுமரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் கண்டறிந்தார். சீன மரத்தைவிட இதில் அளவும் அதிகம். அதற்கான விலையை அந்த மரம் கொடுத்துவருகிறது. பல இடங்களில் வெட்டி எடுத்து அருகிப்போய்விட்டது.

70 என்ற எண்

சிக்கெடுக்கும் நொதியை மருந்து தாக்குவது ஒரு பக்கம். உடலே அதை எதிரியாக நினைத்துத் தாக்கும் நோயும் உண்டு. குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் வெளுத்து நீலமாகும். பிறகு தோல் இறுகும். வளையல் ஏற்ற முடியாது, வாயை அகலத் திறந்து சாப்பிட முடியாது. சிலருக்கு நுரையீரலும் தழும்பேறி இறுகிவிடும். ஸ்க்ளீரோடெர்மா என்ற இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக வருகிறது.

இந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதம் எதைத் தாக்குகிறது என்று 1979இல் ஆஞ்சலின் டூவாஸும் சக ஆய்வாளர்களும் தேடினார்கள். உட்கருவிலிருந்து ஒரு புரதம் கிடைத்தது. அதன் எடை 70 என்ற அளவில் இருந்ததால் ‘எஸ்சிஎல் 70’ என்று பெயரிட்டார்கள். அது என்ன வேலை செய்யும் புரதம் என்று ஏழு ஆண்டுகள் தெரியவில்லை. 1986இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த மூட்டுவாத மருத்துவர் நவோமி ராத்ஃபீல்டும் வில்லியம் எர்ன்ஷாவும் பங்கேற்ற ஆய்வு விடை சொன்னது. அது முதல் வகைச் சிக்கெடுக்கும் நொதியேதான். முழு நொதியின் எடை 100ஐ ஒட்டியது. பிரித்தெடுக்கும்போது சிதைந்து மிஞ்சிய துண்டுதான் 70.

பரிசோதனைக்கூட அறிக்கைகளில் இன்றும் அந்தச் சிதைந்த துண்டின் எண்தான் அச்சாகிறது. விரல் வெளுக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் “ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு” என்று அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எஸ்சிஎல் 70 இருப்பதாகத் தெரிந்தால் நுரையீரலைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அந்தப் பரிசோதனைவரை அவள் போய்ச் சேர்வதுதான் பாடு.

அத்தையின் சிவப்பு மருந்து

திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் என் அத்தைக்கு 56 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒரு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றினார்கள். முதல் தடவை ஏற்றிய அன்று இரவு எனக்குப் போன் வந்தது. “ஏட்டி, ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது. மாமாகிட்டச் சொல்லாத, பயந்துருவாவ” என்றார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “அத்தை, இன்னிக்கு ஏத்துன மருந்து செவப்பா இருந்துச்சா?” சிவப்பாகத்தான் இருந்தது. அது டாக்ஸோரூபிசின். அதன் நிறம்தான் சிறுநீரில் வந்தது. “இத ஏத்துறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருவாவ?” என்று அத்தை கேட்டார்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இத்தாலிய நிறுவனம் ஒன்று 1960களின் இறுதியில் கண்டெடுத்த மருந்து இது. இரண்டாம் வகைச் சிக்கெடுக்கும் நொதியை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவைக்கிறது என்று 1984இல் லியூவின் குழு காட்டியது. மயிர்க்கால்களில் உள்ள செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் முடி கொட்டுகிறது. அத்தைக்கு இடுப்புவரை இருந்த முடி மூன்று வாரத்தில் போனது. அதை நான் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் தானே கத்தரித்துக்கொண்டார்.

இதயத்தின் கதை வேறு. நம் உடலில் இரண்டாம் வகை நொதியில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு உண்டு. பிரியும் செல்களில் ஆல்ஃபா. பிரியாத இதயத்தசைச் செல்களில் பீட்டா. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். எலிகளின் இதயத்திலிருந்து பீட்டாவை மட்டும் நீக்கினால் இந்த மருந்து இதயத்தைக் கெடுப்பதில்லை என்று 2012இல் எட்வர்டு யேவின் குழு காட்டியது. மருந்தின் மொத்த அளவு கூடக்கூட இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடும் என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மருத்துவர்களுக்குத் தெரியும். அந்த ஆபத்து சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

அத்தைக்கு ஐந்தாம் ஆண்டில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்தில் பார்த்த மருத்துவர் “வயசாகுதுல்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். புற்றுநோய்க்கு என்ன மருந்து ஏற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தையால் பதில் சொல்லியிருக்க முடியாது. சிகிச்சைக்கு முன்பு அத்தை கையெழுத்திட்ட நான்கு பக்கத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் வலு குறைந்திருந்தது. மாத்திரையோடு இப்போது நன்றாக இருக்கிறார்.

ஹென்ரியெட்டாவிடம் கேட்காமல் எடுத்தார்கள். அத்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 1951க்கும் இன்றைக்கும் இடையில் சட்டம் நகர்ந்திருக்கிறது. அவளுக்கு விளங்கும்படி சொல்வது என்பது பல இடங்களில் நகரவே இல்லை. இந்த மருந்துகளைக் கண்டுபிடித்த அறிவில் பெண்களின் உழைப்பும் பெண்களின் சதையும் இருக்கின்றன. அந்த அறிவு திரும்பி வந்து, மருந்து ஏறும் நரம்புக்குச் சொந்தக்காரியிடம் நாலு வாக்கியமாவது பேச வேண்டும். மருந்தின் பெயர் இது. இது உன் செல்லில் இன்னதைச் செய்யும். சிறுநீர் சிவக்கும், முடி கொட்டும். பல வருடம் கழித்து மூச்சு வாங்கினால் இந்தப் பெயரைச் சொல். தமிழில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அத்தை தன் டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரையும் ஏற்றிய மொத்த அளவையும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். பல்வலிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.